பினாங்கில் வீட்டைப் பின்னால் நீட்டிக் கட்ட அனுமதி வாங்குவது எப்படி?

பினாங்கில் தெரஸ் வீடு, அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடு, வாங்கும் நம் குடும்பங்கள் முதலில் கை வைப்பது பின்பக்கத்தில்தான். மேம்பாட்டாளர் கட்டிக் கொடுத்த அடுப்படியில் கிரைண்டரை வைத்தால் ஆள் நிற்க இடமில்லை. மீன் பொரித்தால் வாசனை மாடிப் படுக்கையறை வரை ஏறுகிறது. பின்னால் சும்மா கிடக்கும் பத்தடியைச் சேர்த்துக் கூரை போட்டால் தாராளமான சமையலறை கிடைக்கும். கட்டுமானக் குத்தகையாளர் வருகிறார், டேப்பை நீட்டி அளக்கிறார், விலை சொல்கிறார். பெர்மிட் பற்றிக் கேட்டால், "இந்த வரிசையில யாருமே எடுக்கலீங்க" என்கிறார்.

அந்தப் பேச்சை நம்பி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம், அதாவது 133ஆவது சட்டம், தன் 70ஆவது பிரிவில் தெளிவாகச் சொல்கிறது: ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வமான முன் அனுமதி இல்லாமல் யாரும் கட்டடம் எழுப்பக் கூடாது. இருக்கிற வீட்டோடு புதிய அஸ்திவாரம் போட்டுச் சேர்த்துக் கட்டுவதும் அந்தச் சட்டத்தின் கண்ணில் கட்டடம் எழுப்புவதுதான். மீறினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். குற்றம் தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் 1,000 ரிங்கிட் வரை கூடுதல் அபராதம். அனுமதி வாங்கிய வரைபடத்திலிருந்து விலகிக் கட்டினாலும் இதே தண்டனைதான். இடிக்கச் சொல்லி உத்தரவும் வரலாம். நோட்டீஸ் வரும்போது அது வீட்டு உரிமையாளரின் பெயருக்கு வரும். குத்தகையாளர் அதற்குள் வேறு தாமானில், அதாவது வேறு குடியிருப்புப் பகுதியில், வேலையில் இருப்பார்.

தீவில் இருப்பவர்கள் பார்க்க வேண்டியது பினாங்குத் தீவு மாநகர் மன்றம், எம்பிபிபி. அலுவலகம் கொம்தார் கட்டடத்தில். பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் செபராங் பிறை மாநகர் மன்றம், எம்பிஎஸ்பி. சட்டம் ஒன்றுதான். பாரங்கள், கட்டணம், பின்பக்கம் எவ்வளவு விட வேண்டும் என்ற கணக்கு ஆகியவை மன்றத்துக்கு மன்றம் மாறும். பிறையில் இருக்கும் மச்சானுக்குக் கிடைத்தது ஜெலுத்தோங்கில் உங்களுக்கும் கிடைக்கும் என்று கணக்குப் போடக் கூடாது.

முதல் படி: பழைய வரைபடத்தைக் கையில் எடுங்கள்

பலரும் முதலில் வடிவமைப்பைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். முதலில் தேட வேண்டியது உங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே ஒப்புதல் கிடைத்த வரைபடத்தை. மன்றத்தின் கட்டடப் பிரிவில், உரிமையாளர் என்ற முறையில், லாட் எண்ணும், அதாவது மனை எண்ணும், முகவரியும் கொடுத்துக் கட்டணம் கட்டி நகல் கேட்கலாம். பழைய தாமான் என்றால் கோப்பைத் தேடி எடுக்க நாளாகும். மற்ற வேலைகளுக்கு முன் இதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

நகல் வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். வரைபடத்தில் இருக்கும் ஒவ்வொரு சுவரும் நிஜத்தில் இருக்கிறதா? நிஜத்தில் இருக்கும் ஒவ்வொரு சுவரும் வரைபடத்தில் இருக்கிறதா? கைமாறி வந்த வீடுகளில் இரண்டும் பொருந்துவது அபூர்வம். முந்தைய உரிமையாளர் கார் நிறுத்துமிடத்துக்குக் கூரை போட்டிருப்பார். பின்னால் துணி துவைக்கும் இடத்தை மூடியிருப்பார். மாடி பால்கனியை அறையாக்கியிருப்பார். ஒன்றுக்கும் அனுமதி இருக்காது.

விண்ணப்பங்கள் சிக்கிக்கொள்வதற்குப் பெரிய காரணம் இதுதான். புதிய சமையலறைக்கு மட்டும் வரைந்து அனுப்பினால், வரைபடத்தில் 'இருக்கும் கட்டடம்' என்று காட்டியது மன்றத்தின் கோப்போடு பொருந்தாது. அதிகாரி நேரில் வந்து பார்த்தால் புதிய வேலை அப்படியே நின்றுவிடும். பேச்செல்லாம் பழைய கூரையைப் பற்றியே இருக்கும். ஆகவே, அனுமதியில்லாத பழைய பகுதிகளையும் அதே விண்ணப்பத்தில் சேர்த்து முறைப்படுத்தக் கேளுங்கள். விதிக்குள் வராதவற்றை இடிப்பதாக வரைபடத்திலேயே காட்டுங்கள். கூடுதல் கட்டணமும் அபராதமும் வரும். பாதி வேலையில் நிறுத்தப்படுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இன்னொன்றையும் இப்போதே பாருங்கள்: பின்வேலி உங்கள் எல்லைதானா? பின்சந்துப் பக்கம் இரண்டடி தள்ளி வேலி போட்ட வீடுகள் உண்டு. கிராண்டில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில், இருக்கும் நிலப்படத்தின் அளவை நிலத்தில் அளந்து பாருங்கள். எல்லைக்கல் தெரியவில்லை என்றால் உரிமம் பெற்ற நில அளவையாளரை வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மன்றத்தின் நிலத்தில் எழுப்பிய சுவருக்கு எந்த வரைபடத்தாலும் அனுமதி வாங்க முடியாது.

இரண்டாம் படி: பத்திரங்கள்

வழக்கமாகக் கேட்பவை: கிராண்டின் நகல், உரிமையாளர்களின் அடையாள அட்டை நகல், அந்த ஆண்டின் நில வரி ரசீது, மதிப்பீட்டு வரி ரசீது. கிராண்ட் இன்னும் உங்கள் பெயருக்கு மாறவில்லை என்றால் வீடு வாங்கிய ஒப்பந்தம். இரண்டு வரிகளையும் மக்கள் குழப்பிக்கொள்கிறார்கள். நில வரி, சுக்காய் தானா, மாநில அரசின் நில அலுவலகத்துக்குப் போவது. மதிப்பீட்டு வரி, சுக்காய் பிந்து, மாநகர் மன்றத்துக்கு ஆண்டுக்கு இரண்டு தவணையாகக் கட்டுவது. ஒன்றைக் கட்டிவிட்டு மற்றதை மறந்து முகப்பிலிருந்து திரும்பி வருபவர்கள் நிறைய. நிலுவை ஒரு சென்னும் இல்லாமல் முடித்துவிட்டுப் போங்கள்.

நம் குடும்பங்களில் அடிக்கடி வரும் சிக்கல் வேறு. கிராண்ட் இன்னும் காலமான அப்பாவின் பெயரிலேயே இருக்கும். மூத்த மகன்தான் வீட்டில் இருக்கிறார், வரியும் அவர்தான் கட்டுகிறார், ஆனால் சட்டப்படி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட அவருக்கு உரிமை இல்லை. நில அலுவலகத்தின் சிறு சொத்துப் பங்கீட்டு விசாரணை, புசாக்கா கெச்சில், வழியாகவோ நீதிமன்றத்தின் நிர்வாக உத்தரவு வழியாகவோ பெயர் மாற்றம் முடிந்த பிறகுதான் கட்டட விண்ணப்பம் நகரும். அக்கா தங்கைகளுக்கும் பங்கு இருந்தால் கிராண்டில் அவர்கள் பெயரும் வரும்; விண்ணப்பத்தில் எல்லாரும் கையெழுத்திட வேண்டும். வெளிநாட்டில் ஒருவர் இருந்தால் அவருடைய கையெழுத்துக்கே நாள் பிடிக்கும். தீபாவளிக்குள் பால் காய்ச்ச வேண்டும் என்று நினைப்பவர்கள் பொங்கலிலேயே இதைத் தொடங்கியிருக்க வேண்டும்.

வீடு வங்கிக் கடனில் இருந்தால், கடன் ஒப்பந்தத்தில் மாற்றிக் கட்ட வங்கியின் சம்மதம் வேண்டும் என்று இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். கிராண்டில் நிலத்தின் நிபந்தனைகள் என்று எழுதியிருப்பதையும் படியுங்கள். குடியிருப்புக்கு மட்டும் என்று இருக்கும் நிலத்தில் டியூஷன் மையத்துக்கென்று அறை கட்ட வரைபடம் போட்டால் அங்கேயே நின்றுவிடும்.

மூன்றாம் படி: உங்கள் வேலை எந்த வகை?

வண்ணம் பூசுவது, ஓடு மாற்றுவது, தரைக்கு டைல்ஸ் பதிப்பது, அலமாரி அடிப்பது போன்ற பராமரிப்பு வேலைகளுக்கு வரைபடம் தேவைப்படாது. ஆனால் இடிபாடுகளைப் போட வீட்டின் முன் சாலையில் ரோரோ தொட்டி வைத்தால் அதற்குத் தனியாக மன்றத்தின் அனுமதி வேண்டும்.

ஒரு மாடிச் சமையலறை நீட்டிப்பு, கார் நிறுத்தக் கூரை, துணி காயப் போடும் இடத்தை மூடுவது போன்றவை சிறு வேலைகள். இவற்றுக்கு வரைபடத்தோடு அனுமதி வேண்டும்; செயல்முறை கொஞ்சம் சுருக்கம்.

மாடி எழுப்புவது, தூண் அல்லது பீம் வெட்டுவது, வீட்டை மழலையர் பள்ளியாகவோ கடையாகவோ மாற்றுவது பெரிய வேலைகள். பொறியியலாளர் கண்டிப்பாக வேண்டும். பயன்பாட்டை மாற்றினாலோ கட்டடத்தின் உயரமும் தரைப்பரப்பும் கூடினாலோ 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி திட்டமிடல் அனுமதி, கெபெனாரான் மெரான்சாங், தேவையா என்ற கேள்வியும் எழும். நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உள்ளூர்த் திட்டம் அரசிதழில் வெளிவராத இடம் என்றால் அக்கம்பக்க நில உரிமையாளர்களுக்கு அறிவிப்புப் போகும். ஆட்சேபம் தெரிவிக்க அவர்களுக்கு 21 நாள் உண்டு. ஒட்டிய நிலம் மட்டும் அக்கம்பக்கம் ஆகாது. நடுவில் 20 மீட்டருக்கு மிகாத சாலையோ சந்தோ வடிகாலோ இருந்தால் அதற்கு அப்பால் இருப்பவரும் இதில் சேர்வார். பக்கத்து வீட்டு அம்மாவிடம் முதலில் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். முன்பின் தெரியாமல் மன்றத்தின் கடிதம் போய்ச் சேரும்போதுதான் ஆட்சேபங்கள் பிறக்கின்றன. சிறு நீட்டிப்புக்கும் இரண்டு பக்கத்து வீட்டாரின் சம்மதக் கடிதத்தைக் கையெழுத்தோடு வாங்கி வைத்திருப்பது வேலையை எளிதாக்கும்.

மலைப்பகுதிகளுக்கு ஒரு சொல். பாயா தெருபோங், ஆயர் ஈத்தாம், தஞ்சோங் பூங்கா பக்கத்தில் சரிவில் இருக்கும் வீடு என்றால் சிறு வேலை என்று எண்ண வேண்டாம். பினாங்கில் கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேலோ 25 பாகைக்கு மேல் சரிவோ உள்ள நிலம் மலைநிலமாகக் கருதப்படுகிறது. அங்கே தாங்கு சுவரை ஒட்டி மண்ணை வெட்டுவது தனி ஆபத்து. 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்காவில் ஒரு கட்டுமான இடத்தில் நடந்த மண்சரிவு 11 தொழிலாளர்களின் உயிரைக் கொண்டுபோனது. பின்பக்கம் சரிவு இருந்தால் மண்ணியல் தெரிந்த பொறியியலாளர் பார்க்காமல் ஒரு மண்வெட்டி கூடப் போடக் கூடாது.

நான்காம் படி: விண்ணப்பத்தை அனுப்புபவர்

வரைபடத்தை நீங்களே வரைந்து கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. தகுதி பெற்ற ஒருவர்தான் அனுப்ப வேண்டும். அவர் பதிவு பெற்ற கட்டடக் கலைஞராகவோ, நிபுணத்துவப் பொறியியலாளராகவோ, சிறு வீடுகளுக்குக் கட்டடக் கலைஞர் வாரியத்தில் பதிந்த கட்டட வரைவாளராகவோ இருக்கலாம். அவரைத்தான் முதன்மைச் சமர்ப்பிப்பாளர் என்பார்கள்; சுருக்கமாகப் பிஎஸ்பி. வேலை முடிந்ததும் சான்றிதழில் கையெழுத்திடப் போவதும் அவரேதான். அவருடைய பொறுப்பு வரைவதோடு முடியவில்லை.

இதனால்தான் குத்தகையாளர் "எனக்குத் தெரிஞ்ச டிராஃப்ட்ஸ்மேன் இருக்கார், சாப் வாங்கித் தரேன்" என்று சொல்வதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். முத்திரை மட்டும் போடுபவர் வீட்டைப் பார்க்கவே மாட்டார். வேலை முடியும்போது ஆளும் கிடைக்க மாட்டார். பெயரையும் பதிவு எண்ணையும் வாங்கி வாரியத்தின் பட்டியலில் நீங்களே சரிபாருங்கள். கட்டணத்தைப் பேசும்போது எதுவரை அவர் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள்: வரைபடம், சமர்ப்பிப்பு, மன்றத்தின் திருத்தங்களுக்குப் பதில், வேலை நடக்கும்போது நேரில் பார்ப்பது, முடிவுச் சான்றிதழ். கடைசி இரண்டும் இல்லாத மலிவு விலை பிறகு இரண்டு மடங்காகத் திரும்பி வரும்.

ஐந்தாம் படி: வரைபடம் எங்கே தோற்கிறது

இங்கே கொஞ்சம் பொறுமையாக நிற்போம். 1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைச் சட்டங்களை எல்லாரும் யுபிபிஎல் என்பார்கள். அதிலுள்ள சில எண்களை வீட்டு உரிமையாளரும் தெரிந்து வைத்திருந்தால் பாதித் திருத்தங்கள் குறையும்.

அறைகளின் அளவு: முதல் வசிப்பறை 11 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, இரண்டாவது 9.3, மற்றவை 6.5. வசிப்பறையின் அகலம் 2 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. சமையலறைக்கு 4.5 சதுர மீட்டரும் 1.5 மீட்டர் அகலமும். கூரை உயரம் படுக்கையறைக்கும் கூடத்துக்கும் 2.5 மீட்டர், சமையலறைக்கு 2.25, குளியலறைக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் 2.

இந்த எண்களில் தோற்பவர்கள் குறைவு. வெளிச்சமும் காற்றும்தான் ஆளைச் சாய்க்கும். ஒவ்வோர் அறைக்கும் தரைப்பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையாத சன்னல் வெளிச்சம் வேண்டும். தடையில்லாமல் காற்று வரத் திறக்கும் பகுதி 5 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. ஓர் எடுத்துக்காட்டு: 3 மீட்டருக்கு 3.2 மீட்டர் அறை, பரப்பு 9.6 சதுர மீட்டர். சன்னல் 0.96 வேண்டும், திறக்கும் பகுதி 0.48. 1.2 மீட்டருக்கு 0.9 மீட்டர் சன்னல் போட்டால் 1.08 சதுர மீட்டர், வெளிச்சத்துக்குப் போதும். அது தள்ளுகதவுச் சன்னல் என்றால் பாதிதான் திறக்கும், 0.54. அதுவும் மயிரிழையில் தப்பிக்கிறது. அதே சன்னலில் ஒரு கண்ணாடியைத் திறக்காதபடி பதித்துவிட்டு மற்றதை மூன்றில் ஒரு பங்கு மட்டும் திறக்கச் செய்தால், 0.18 ஆகித் தோற்றுவிடும்.

இப்போது உங்கள் பின்கட்டுக்கு வாருங்கள். பழைய சமையலறையின் சன்னல் பின்முற்றத்தைப் பார்த்துத் திறந்தது. புதிய சமையலறையை அதை ஒட்டி எல்லை வரை கட்டினால், அந்தச் சன்னல் இனி ஓர் அறைக்குள்தான் திறக்கும். புதிய அறைக்கு வெளிச்சம் கிடைத்துவிடும். நடுவில் சிக்கிய பழைய அறை மூச்சடைத்துப் போகும். திருத்தம் கேட்டுத் திரும்பி வரும் நீட்டிப்பு வரைபடங்களில் இது தவறாமல் தென்படும். தீர்வு இரண்டு. நடுவில் திறந்த காற்றுக்கிணறு, அதாவது கூரையில்லாத சிறு முற்றம், விடலாம்: இரண்டு மாடி வரை உள்ள கட்டடத்துக்கு 7 சதுர மீட்டருக்குக் குறையாமல், அகலம் 2.5 மீட்டருக்குக் குறையாமல். இருபதடி வீட்டில் இது பெரிய இடம் என்பது உண்மைதான். அல்லது நடுச்சுவரை எடுத்துவிட்டுப் பழையதும் புதியதும் ஒரே அறையாக ஆகும்படி வரையலாம். அப்போது வெளிச்சக் கணக்கு மொத்தப் பரப்புக்கும் சேர்த்துப் போடப்படும். சுவரை எடுத்தால் மேலிருக்கும் பீமைப் பொறியியலாளர் பார்க்க வேண்டும். காற்றுக்கிணற்றைக் காட்டி அனுமதி வாங்கிவிட்டுப் பிறகு பாலிகார்பனேட் தகடு போட்டு மூடுபவர்கள் உண்டு. வரைபடத்திலிருந்து விலகல் என்று சட்டம் சொல்வது அதைத்தான். அடுப்புப் புகை வீட்டுக்குள்ளேயே சுற்றும் என்பதும் சேர்ந்து வரும்.

பொதுச் சுவர். இரண்டு வீட்டுக்கும் நடுவே எழும் சுவர் 200 மில்லிமீட்டர் தடிப்புக்குக் குறையக் கூடாது. கூரைக்கு மேலே 230 மில்லிமீட்டர் எழும்ப வேண்டும். தீ ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக் கூரைக்குத் தாவாமல் இருக்கவே இந்த விதி. செலவைக் குறைக்க அரைச்செங்கல் சுவர் எழுப்பி, கூரை மட்டத்திலேயே நிறுத்தி, பக்கத்து வீட்டுக் கூரையோடு தகரத்தை ஒட்டிவிடுவார்கள். பக்கத்து வீட்டின் பழைய சுவரில் ஓட்டை போட்டு உங்கள் பீமைச் சொருகுவதும் நடக்கிறது. இரண்டும் கூடாது. உங்கள் கூரை நீர் உங்கள் நிலத்துக்குள்ளேயே வடிகாலில் விழ வேண்டும்.

கழிவுநீர்க் குழி. பல தாமான்களில் மேன்ஹோல் வீட்டுப் பின்முற்றத்திலேயே இருக்கும். அதன் மேல் டைல்ஸ் போட்டு மூடிவிட்டால், அடைப்பு வரும் நாளில் கழிவுநீர் நிறுவனமான இண்டா வாட்டரின் ஆட்கள் உங்கள் சமையலறைத் தரையைத்தான் உடைக்க வேண்டியிருக்கும். மூடி இருக்கும் இடத்தை வரைபடத்தில் காட்டுங்கள். நகர்த்த வேண்டியிருந்தால் அதற்குத் தனி ஒப்புதல் வாங்குங்கள். பழைய வீடுகளில் தனித்தனி மலத்தொட்டி இருக்கும். அதன் மேல் கட்டினால் கழிவை உறிஞ்சும் லாரியின் குழாய் போக வழி இருக்காது.

பின் எல்லையிலிருந்து எவ்வளவு விட வேண்டும் என்பது பின்சந்தின் அகலத்தையும் தாமானையும் பொறுத்தது. தீயணைப்பு வண்டியும் குப்பை வண்டியும் வந்துபோகும் சந்து அது. வரைய உட்காருமுன் உங்கள் பிஎஸ்பி லாட் எண்ணோடு கட்டடப் பிரிவு முகப்பில் கேட்டு, பதிலைக் குறித்து வைத்திருக்க வேண்டும்.

மாடி எழுப்புபவர்களுக்குப் படிக்கட்டுக் கணக்கு: படியின் உயரம் 180 மில்லிமீட்டருக்கு மிகக் கூடாது, கால் வைக்கும் அகலம் 255க்குக் குறையக் கூடாது. தளத்துக்குத் தளம் 3 மீட்டர் என்றால் 17 படி உயரங்கள், 16 மிதிகள். நேராகப் போட்டால் 4.08 மீட்டர் நீளம். அந்த நீளத்தை மறந்துவிட்டு வரைந்து, கடைசியில் படியைச் செங்குத்தாக்கும் வீடுகளில் பாட்டிகள்தான் விழுகிறார்கள்.

தளப்படம், வெட்டுத் தோற்றம், முகப்புத் தோற்றம் எல்லாம் 1:100 அளவில் இருக்கட்டும். புதிய சுவர் சிவப்பு, இடிப்பது மஞ்சள் என்பது வழக்கம். மன்றத்தின் பட்டியலோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். சாமி அறை, சேமிப்பறை, வேலைக்காரர் அறை என்று ஒவ்வோர் அறைக்கும் பயன்பாட்டைப் பெயரிட்டு எழுதுங்கள். பெயரில்லாத அறை கேள்வியை வரவழைக்கும்.

அஸ்திவாரம் பற்றித் தனியாக

இதை மன்றம் எவ்வளவு கேட்கும் என்பது வேறு. நீங்கள் கேட்டே ஆக வேண்டும். ஜெலுத்தோங், பாயான் பாரு போன்ற தாழ்ந்த, மண் கொட்டி நிரப்பிய பகுதிகளில் மேம்பாட்டாளர் கட்டிய வீடு பைலின், அதாவது மண்ணில் ஆழமாக இறக்கிய தூண்களின், மேல் நிற்கும். பின்முற்றமோ வெறும் நிரப்பிய மண். அதன் மேல் ஆழமில்லாத சாதாரண ஃபூட்டிங் போட்டுக் கட்டிய சமையலறை ஓரிரண்டு ஆண்டில் மெதுவாக இறங்கும். பழைய வீடு இறங்காது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் கூரை முதல் தரை வரை பிளவு விழும். மழைநீர் அதில் இறங்கி அலமாரி வரை வரும். பூசிப் பூசி மூடினாலும் திரும்பத் திரும்பப் பிளக்கும். பழைய கான்கிரீட்டில் கம்பியைச் சொருகி 'கட்டிப் போட்டுவிட்டேன்' என்று சொல்வது நிலைமையை மோசமாக்கும். இறங்கும் பகுதி பழைய தூணையும் சேர்த்து இழுக்கும். சரியான முறை இரண்டே: புதிய பகுதிக்கும் பைல் போடுவது, அல்லது இரண்டையும் ஒட்டாமல் தனித்தனியாக எழுப்பி, நடுவே விடும் இணைப்பு இடைவெளியை நீர் புகாதபடி தகட்டால் மூடுவது. எது என்பதைப் பொறியியலாளர் மண்ணைப் பார்த்துச் சொல்வார்.

ஆறாம் படி: சமர்ப்பித்த பிறகு

பெரிய வேலைகள் மன்றத்தின் ஓஎஸ்சி பிரிவு வழியாகப் போகும். 2007இல் வந்த இந்த ஒரே முகப்பு முறையில், மன்றத்தின் பிரிவுகளுக்கும் தீயணைப்புப் படை, இண்டா வாட்டர் போன்ற வெளித்துறைகளுக்கும் வரைபடம் அங்கிருந்தே பிரிந்து போகும். கட்டணம் பரப்பளவைப் பொறுத்தது. சாலைச் சேதத்துக்கான வைப்புத்தொகையும் கேட்கலாம். ரசீதைப் பத்திரமாக வையுங்கள், திரும்ப வாங்க அதுதான் வேண்டும்.

திருத்தம் கேட்டுக் கடிதம் வந்தால் பயப்பட வேண்டாம். முதல் முறையே தாண்டும் வரைபடம் குறைவு. ஒவ்வொரு கருத்துக்கும் எண் போட்டு, என்ன மாற்றினீர்கள் என்று எழுதி ஒரே தடவையில் பதில் அனுப்பச் சொல்லுங்கள். பாதிக்கு மட்டும் பதில் அனுப்பினால் கோப்பு மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போகும்.

ஒப்புதல் கடிதத்தில் நிபந்தனைகளும் காலாவதியும் இருக்கும். வேலையைத் தள்ளிப்போட்டு அந்த நாள் கடந்துவிட்டால் மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டிவரும்.

ஏழாம் படி: வேலை நடக்கும்போது

வேலை தொடங்குவதைப் பி பாரம் மூலம் மன்றத்துக்குப் பிஎஸ்பி தெரிவிப்பார். அதற்கு முன் இடிப்பது கூட ஆகாது. குத்தகையாளர் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபியில் பதிந்தவரா என்று பாருங்கள். தொழிலாளர்களிடம் அதன் பச்சை அட்டை இருக்க வேண்டும். மதிப்பு 500,000 ரிங்கிட்டைத் தாண்டும் வேலைகளுக்கு 0.125 விழுக்காட்டு சிஐடிபி தீர்வை உண்டு. அது குத்தகையாளர் கட்ட வேண்டியது, உங்களிடம் தனியாகக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

முத்திரை குத்திய வரைபடத்தின் நகல் வேலை இடத்தில் எப்போதும் இருக்கட்டும். செங்கல், மணலைப் பின்சந்தில் கொட்டினால் சம்மன் வரும். நடுவில் "சன்னலை இங்க நகர்த்திடலாமா?" என்று குத்தகையாளர் கேட்டால் உடனே சரி சொல்லாதீர்கள்; முதலில் பிஎஸ்பிக்கு ஒரு அழைப்பு. கான்கிரீட் போடுவதற்கு முன் அஸ்திவாரக் கம்பிகளைப் படம் எடுத்து வையுங்கள். மூடிய பிறகு அதை யாராலும் பார்க்க முடியாது. சான்றிதழில் கையெழுத்திட பொறியியலாளருக்கு அது வேண்டும்.

கடைவீடும் அடுக்ககமும்

லெபோ பாசார், லெபோ பினாங் பக்கத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு விதி இன்னும் இறுக்கம். ஜார்ஜ்டவுன் 2008 ஜூலை 7 அன்று யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மையப் பகுதியும் அதைச் சுற்றிய காப்புப் பகுதியும் சேர்த்து 259.42 ஹெக்டர். அதற்குள் இருக்கும் கடைவீட்டில் முகப்பு, பழைய ஓடு, சுண்ணாம்புப் பூச்சு, நடுவிலுள்ள காற்றுக்கிணறு எதையும் மன்றத்தின் மரபுடைமைப் பிரிவைக் கேட்காமல் தொடக் கூடாது. புதிய கட்டடத்தின் உயரம் 18 மீட்டருக்கு மிகக் கூடாது. சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூசுவது அழகுக்காக மட்டும் தடுக்கப்படவில்லை. பழைய செங்கல் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, சுண்ணாம்பு வழியாக வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைக்கும். ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு பூத்து, செங்கல் மாவாக உதிரும். கடை முன்னுள்ள ஐந்தடி நடைபாதையைச் சாமான் வைத்தோ சுவர் எழுப்பியோ அடைக்கவும் கூடாது.

சாப்பாட்டுக் கடைக்குக் கட்டட ஒப்புதல் வேறு, வணிக உரிமம் வேறு, பெயர்ப்பலகை அனுமதி வேறு. முதலாவது இல்லாமல் மற்றவை நகராது என்பதால் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே அந்த இடத்தின் ஒப்புதல் பெற்ற பயன்பாடு என்ன என்று கேளுங்கள்.

அடுக்கக வீட்டில் முதலில் கேட்க வேண்டியது நிர்வாகக் குழுவை. ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015இல் வந்த துணைவிதிகள், அவர்களின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் சீரமைப்பு வேலை கூடாது என்கின்றன. வெளிச் சன்னலை இடம் மாற்றுவது, பாதுகாப்பு அம்சங்களை எடுப்பது போன்றவற்றையும் தடுக்கின்றன. வாசல் தீத்தடுப்புக் கதவைச் செதுக்குவேலைக் கதவாக மாற்றுவது அங்கே அதிகம் நடக்கும் தவறு.

கடைசிப் படி: சிசிசி

வேலை முடிந்தால் மட்டும் போதாது. 2007 ஏப்ரல் 12 முதல் பழைய குடிபுகு சான்றிதழான சிஎஃப்ஓவுக்குப் பதிலாக முடிவு, இணக்கச் சான்றிதழ், அதாவது சிசிசி, வந்தது. இதை மன்றம் தருவதில்லை; உங்கள் பிஎஸ்பியே எஃப் பாரத்தில் வழங்குகிறார். அதற்கு முன் ஒவ்வொரு பகுதிக்கும் அதற்குப் பொறுப்பானவர்கள் கையெழுத்திடும் ஜி பாரங்கள் வேண்டும். ஜி1 முதல் ஜி21 வரை உண்டு. சமையலறை நீட்டிப்புக்குத் தேவைப்படுபவை அஸ்திவாரம், கட்டமைப்பு, குழாய், கழிவுநீர், மின்சாரம் போன்ற சில மட்டுமே. மின்சாரம் இழுத்தவர் பதிவு பெற்றவர் இல்லை என்றால் அந்த ஒரு தாளுக்காக எல்லாம் நின்றுவிடும். சுருக்க அனுமதியில் முடித்த சிறு வேலைக்கு மன்றம் வேறு முறையில் முடிவு அறிவிப்புக் கேட்டால், அதையும் பிஎஸ்பி மூலமே கொடுங்கள்.

சிசிசி இல்லாத கட்டடத்தில் குடியிருந்தால் 250,000 ரிங்கிட் வரை அபராதமோ 10 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. பால் காய்ச்ச நாள் குறிக்கும் முன் பிஎஸ்பியிடம் தேதியைக் கேட்டு வாங்குங்கள்.

சான்றிதழ் வந்த பிறகு வைப்புத்தொகையைத் திரும்பக் கேளுங்கள். வீட்டின் பரப்பு கூடியதால் மதிப்பீட்டு வரி கூடலாம். நோட்டீஸ் வந்தால் அதிலுள்ள பரப்பளவை உங்கள் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள், தவறிருந்தால் குறித்த நாளுக்குள் ஆட்சேபம் எழுதுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் நீட்டிப்பைத் தெரிவித்துத் தொகையைத் திருத்துங்கள். முத்திரை குத்திய மூல வரைபடம், ஒப்புதல் கடிதம், சிசிசி, அஸ்திவாரப் படங்கள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, கிராண்டோடு சேர்த்து இரும்பு அலமாரியில் வையுங்கள்.